காறை எலும்பு முறிந்தால்

நம் முன்னோர் கழுத்தில் பூண்ட அணிகளுள் ஒன்றற்குக் ‘காறை’ என்று பெயர். அவ்வணி படியும் இடத்தில் குறுக்காக அமைந்துள்ள எலும்பையே காறை எலும்பு என்று வழங்குகிறோம். மார்பின் நடுவெலும்பிலிருந்து தோள் முனை வரையில், விரலால் தடவினால் தெரியும்படி, இது தோலுக்கடியில் கிடக்கிறது. கையை உடலின் எலும்புக் கூட்டோடு பிணைக்கும் எலும்பு இஃது ஒன்றே. மண்வெட்டியை ஓங்குவதும், சுமையைத் தலைக்கு ஏற்றுவதும் இது தோளை நிலைநிறுத்துவதாலேயே செவ்வனே நிகழ்கின்றன. ஆகவே, இவ்வெலும்பு முறிந்தால் உழைப்பாளியின் வீட்டில் அடுப்பெரிவதே கடினமாகிவிடும்.

முறியும் விதம்

தோள் தரையில் மோதும்படி விழுவதே பெரும்பாலும் இம்முறிவுக்குக் காரணம். மரமேறும்போதும், பாரவண்டியின் மேலிருந்தும், வழுக்கும் வரப்பிலும், இருசக்கர வாகனத்திலிருந்தும் விழுவோர் இவ்விபத்துக்கு ஆளாகின்றனர். எலும்பின் நடுப்பகுதி மெலிந்தும் வளைந்தும் இருப்பதால், நூற்றுக்கு ஏறத்தாழ 80 முறிவுகள் அங்கேயே நேர்கின்றன. பிரசவத்தின்போது சில சிசுக்களுக்கும் இது முறிவதுண்டு. அது சில வாரங்களில் தானே கூடிவிடும்.

முறிவு நேர்ந்தவர் அந்தக் கையை மறு கையால் தாங்கிக்கொண்டு வருவார். தோள் தாழ்ந்திருக்கும், முறிந்த இடம் வீங்கி மேடிட்டிருக்கும். கழுத்துத் தசை உள்துண்டை மேலே இழுக்க, கையின் பாரம் வெளித்துண்டைக் கீழே இழுப்பதே இம்மேட்டிற்குக் காரணம்.

முதலுதவி

மோதிரம், வளையல் முதலியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். முழங்கையை மடக்கி, உள்ளங்கை முழங்கையைவிடச் சற்று உயர்ந்திருக்குமாறு, அகன்ற துண்டினால் தூளி கட்டிக் கழுத்தில் மாட்ட வேண்டும். முடிச்சு முறிந்த எலும்பின்மேல் அழுந்தலாகாது. விரல்கள் வெளியே தெரிய வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவுவதும், கையைப் பிடித்து இழுப்பதும், எலும்பை அழுத்திச் சமன் செய்ய முயல்வதும் கூடவே கூடா.

இவ்வெலும்பின் அடியில்தான் கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. நுரையீரலின் உச்சியும் அருகிலேயே உள்ளது. இங்கிலாந்தின் முன்னாள் பிரதமர் ராபர்ட் பீல் 1850-ஆம் ஆண்டில் குதிரையிலிருந்து விழுந்து இவ்வெலும்பு முறிந்து, மூன்று நாட்களில் உயிர் நீத்தார். அடியிலிருந்த இரத்தக் குழாய் கிழிந்ததே காரணமெனக் கருதப்படுகிறது. இத்தகைய கேடு அரிதே. ஆயினும் கை மரத்தல், குளிர்தல், வெளிறுதல், மூச்சுத் திணறல், வீக்கம் விரைந்து பெருகுதல், எலும்பு தோலைக் கிழித்தல், முறிந்த முனையின்மேல் தோல் விறைத்து வெளுத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். பிறரும் தாமதமின்றி அரசு மருத்துவமனை சென்று எக்ஸ்ரே படம் எடுத்துக்கொள்வது அவசியம்.

“கட்டே போடவில்லையே!”

டாக்டர் படத்தைப் பார்த்து, கைக்குத் தூளி மாட்டி, வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பினால், “மாவுக்கட்டுக்கூடப் போடவில்லையே” என்று வீட்டார் மனம் குறைபடுகின்றனர். வேறிடம் சென்று இறுக்கிக் கட்டிக்கொள்வோரும் உளர். இது பெருந்தவறு. மூச்சுக்கு மூச்சு அசையும் மார்பின்மேல் உள்ள எலும்பை மாவுக்கட்டினால் அசையாது நிறுத்த இயலாது. இரு தோள்களையும் பின்னுக்கிழுத்து எட்டு வடிவில் துணி சுற்றும் முறை நெடுங்காலம் வழங்கியது. இரு முறைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, எளிய தூளியைவிட அதனால் எலும்பு சிறப்பாகக் கூடவில்லை என்பதும், நோயாளிக்குத் தொல்லையே மிகுதி என்பதும் தெரியவந்தன. எலும்பைக் கூட்டுவது இயற்கை. அதற்கு வேண்டிய ஓய்வை அளிப்பதே தூளியின் பணி.

முறிந்த துண்டுகள் மிகவும் விலகியிருந்தாலோ, தோல், நரம்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றுக்குக் கேடு நேர்ந்தாலோ, உலோகத் தகடும் திருகாணியும் வைத்து அறுவைச் சிகிச்சை செய்வர்.

குணமடையும் காலம்

குழந்தைகளுக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு வாரங்களிலும், பெரியவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களிலும் எலும்பு கூடும். முதல் நாளிலிருந்தே விரல்களையும் மணிக்கட்டையும், வலி பொறுக்குமளவு முழங்கையையும் அசைத்து வரவேண்டும். இன்றேல் மூட்டு இறுகிவிடும். தோளை எப்போது அசைக்கலாம் என்பதை டாக்டர் கூறுவார். சாய்ந்த நிலையில் உறங்குவது வலியைத் தணிக்கும். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். வலி நீங்கியதும் குணமாகிவிட்டதென எண்ணி, மூன்றாம் வாரத்திலேயே மூட்டை தூக்கலாகாது. பாரமான வேலைக்கு ஏறத்தாழ மூன்று மாதம் பொறுத்தல் நலம். எலும்பு கூடிய இடத்தில் சிறு மேடு எஞ்சினாலும் பெரும்பாலும் அதனால் தீங்கில்லை.

பஞ்சாயத்தின் கடமை

மூன்று மாதம் என்பது கூலியாளுக்கு ஒரு பருவத்தின் பிழைப்பு. பசியே அவரை முன்னதாகக் களத்திற்கு இழுக்கிறது. ஆகவே, அக்காலத்தில் அவருக்கு இலேசான வேலை கிடைக்குமாறும், சிறு விவசாயியாயின் அண்டையார் முறைவைத்து அவர் வயலைக் கவனிக்குமாறும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்க, தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தொடங்கப்பட்டதையும் ஊரார்க்கு எடுத்துரைக்கலாம்.

தூளிக்கு வேண்டியது ஒரு துண்டுத் துணியே. அதனை அவிழ்க்காமல் பொறுத்திருக்க நோயாளிக்கு வேண்டிய ஆதரவை ஊரார் அளிப்பார்களாயின், அந்தக் கை மீண்டும் மண்வெட்டி பிடிக்கும் என்பது திண்ணம்.