சிலம்பு சொல்லும் சான்று



தில்லியில் நமக்கு அண்டை வீட்டிலே வாழும் தமிழ்க் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, பத்தாம் வகுப்பில் தமிழையும் ஒரு பாடமாகப் படித்து வருகிறாள். சிலப்பதிகாரத்தின் மையக் கருத்து யாது என்று ஒருநாள் மாலை அவளைக் கேட்டோம். 'அறமே வெல்லும்' என்று தயங்காமல் விடையிறுத்தாள். காப்பியத்தில் அது எவ்விடத்தில் விளங்குகிறது என்று கேட்டபொழுது, 'குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, மாமா' என்றாள். அவள் தந்தையார் நகைத்தார். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. கோவலன் வெட்டுண்டான், பாண்டியனும் தேவியும் மாண்டனர், மதுரை எரிந்தது. இவற்றுள் வெற்றி எங்கே என்று ஒருமுறையேனும் எண்ணியிருந்தால், அவ்விடை அத்துணை எளிதாக அவள் வாயில் வந்திராது.

கதைப்பொருள் வேறு, மையக் கருத்து வேறு என்பதை முதற்கண் குழந்தைக்கு உணர்த்துதல் வேண்டும். 'நீதி' என்பது கதைப்பொருள். அஃது ஒரு சொல். அந்நீதியைப் பற்றி நூல் என்ன சொல்கிறது என்பதே கருத்து. அது முழு வாக்கியமாக அமைய வேண்டும். அவ்வாக்கியத்தை உரைப்போர் அதற்கு நூலினின்றே சான்று காட்டவும் வேண்டும். இதைப் பயிற்றுவிக்கச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த பாடநூல் நமக்கு வேறில்லை. ஏனெனில், சான்று எது, சான்று போலத் தோன்றுவது எது என்பதே அதன் மதுரைக் காண்டத்தின் உயிர்நாடி.

கொலைக்களக் காதையை நோக்குவோம். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கோவலன் விற்க வந்த சிலம்பைக் கண்டு, அவனே கள்வன் என்று மன்னனிடம் கூறுகிறான். ஊடிச் சென்ற தேவியைத் தேற்றும் விரைவில் இருந்த மன்னன், சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்று காவலரைப் பணிக்கிறான். மன்னன் சான்றே கேட்கவில்லை என்று சொல்லிவிட இயலாது. ஒரு நிபந்தனை விதித்தான். ஆனால், கையில் சிலம்பு இருத்தல் திருடியவனுக்கும் பொருந்தும், உடையவனுக்கும் பொருந்தும். இரு முடிவுகளுக்கும் ஒருங்கே பொருந்துவது எம்முடிவுக்கும் சான்றாகாது. கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்று ஐயுற்றனர். பொற்கொல்லனோ கள்வரின் தந்திரங்களை அடுக்கிக் கூறி அவ்வையத்தை மறைத்தான். அறிவற்ற காவலன் ஒருவன் வாளை வீசினான்.

இனி வழக்குரை காதை. கள்வனைக் கொல்லுதல் முறையே என்கிறான் மன்னன். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. தம் சிலம்பின் பரல் முத்து என்கிறான் மன்னன். அதன் பின்னரே கோவலனிடம் கைப்பற்றிய சிலம்பு கொணரப்படுகிறது, அவள் அதை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. உடைக்கும் முன்னரே இரு தரப்பாரும் தத்தம் கூற்றை அறுதியிட்டுச் சொல்லிவிட்டனர் என்பதைக் குழந்தைக்குச் சுட்டிக் காட்டுக. முத்து வந்தால் ஒரு கூற்று வீழும். மாணிக்கம் வந்தால் மற்றொன்று வீழும். இவ்வாறு இரண்டையும் பிரித்துக் காட்ட வல்லதே சான்று.

இம்முறையையே நூலைக் கற்கும்பொழுதும் கையாளலாம். முதலில் குழந்தை தனக்குத் தோன்றும் கூற்றைத் தானே சொல்லட்டும். 'பாண்டியன் கொடியவன்' என்று சொல்லக்கூடும். மறுக்க வேண்டா, அதற்குரிய இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆராயாது ஆணையிட்ட இடத்தைக் காட்டும். அடுத்து, அக்கூற்றுக்கு மாறான இடம் உண்டா என்று தேடச் சொல்லுங்கள். மாணிக்கத்தைக் கண்டவுடன், கள்வன் தானே என்று கூறி அவன் உயிர் துறந்த இடம் எதிர்ப்படும். கொடியவன் அவ்வாறு செய்வானா? ஆகவே கூற்று திருந்தும்: 'பாண்டியன் கொடியவன் அல்லன், ஆராயத் தவறியவன்.' இத்திருத்தத்தைத் தோல்வியென்று குழந்தை கருதாதபடி பார்த்துக்கொள்வது பெற்றோர் கடமை.

பதிகம் இக்காப்பியத்தின் நோக்கங்களாக மூன்றினைச் சொல்கிறது: அரசு முறை தவறியவரை அறமே அழிக்கும், கற்புடைய மகளை உயர்ந்தோரும் போற்றுவர், முன்வினை வந்து தன் பயனை ஊட்டியே தீரும். பலரும் இவற்றை முதலிலேயே மனப்பாடம் செய்வித்துவிடுகின்றனர். குழந்தை தானே ஒரு முடிவுக்கு வந்த பின்னர் இவற்றோடு ஒப்பிடச் செய்வதே நலம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அலுவலகத்தில் நாள்தோறும் ஒரு கேள்வி உண்டு: 'நீர் எழுதிய இச்சொல்லுக்கு மூலத்தில் எச்சொல் ஆதாரம்?' விடை இல்லையெனில், எழுதியது எத்துணை அழகாயினும் அடித்துவிட வேண்டியதுதான். தமிழகத்திற்கு வெளியே வளரும் நம் குழந்தைகளுக்கு இவ்வொழுக்கம் இன்னும் இன்றியமையாதது. தெருவிலும் கடையிலும் வேற்று மொழி கேட்டு வளரும் பிள்ளைக்குத் தமிழ் நூல் ஒன்று பிறர் சொன்ன முடிவாக மட்டுமே வந்து சேருமாயின், தேர்வு முடிந்த மறுநாளே அது மறந்து போகும். தானே தேடிக் கண்ட இடமோ எளிதில் மறவாது.

அண்டை வீட்டுச் சிறுமியிடம் அவ்விரு காதைகளையும் உரையோடு கொடுத்திருந்தோம். அடுத்த ஞாயிறன்று நூலும் கையுமாக வந்தாள். கொலைக்கு ஆணையிடும் இடத்தில், வினை விளையும் காலம் ஆதலால் மன்னன் அவ்வாறு சொன்னான் என்று காப்பியமே கூறுவதை விரலால் சுட்டிக் காட்டினாள். 'எல்லாம் வினையின் செயல் என்றால், மாமா, பாண்டியன் ஏன் தன்னைக் கள்வன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்? குற்றத்தை வினையின் மேல் போட்டிருக்கலாமே?' என்று கேட்டாள்.

அக்கேள்வியைப் பற்றி அன்று இரவு உணவு ஆறிப்போகும் வரை அவள் தந்தையாரும் நாமும் அவளோடு வாதிட்டுக்கொண்டிருந்தோம். குறிப்பேட்டை ஒருவரும் திறக்கவில்லை.