பேச்சாளர் மகாநாட்டாற் பெறும் பயன்

மக்கள் பயிலுந் தொழில்களுட் பெரும்பாலானவற்றில் ஒருவன் தன் வேலையின் குறையைத் தானே கண்டுகொள்ளுதல் கூடும். தச்சன் தான் செய்த கதவு நிலையிற் பொருந்தாவிடின் அதனைத் தன் கண்ணாற் காண்கின்றான். உழவன் தன் பயிர் வாடினால் அதனை வயல் வரம்பில் நின்றே அறிகின்றான். பேச்சுத் தொழிலோ அத்தன்மையதன்று. பேசுவோன் தன் பேச்சைப் பிறர் கேட்குமாறு கேட்கும் நிலையில் இல்லை. அவன் பேசி முடித்ததும் அவையோர் கைதட்டுகின்றனர், தலைவர் பாராட்டுகின்றார், மாலையும் விழுகின்றது. பேச்சு நன்றாயிருந்தாலும் நன்றாயிராவிடினும் இச்சடங்குகள் குறைவின்றி நிகழ்வனவே. ஆதலின், இருபது ஆண்டு மேடையேறிய ஒருவர் தம் முதலாண்டுக் குற்றங்களை இருபதாம் ஆண்டிலுஞ் சுமந்து நிற்றல் எங்குங் காணப்படுவதொன்றாயிற்று.

இக்குறைக்கு மருந்து கேள்வியே. திருக்குறளிற் கேள்வி என்னும் அதிகாரம் 42 ஆவதாகவும், சொல்வன்மை 65 ஆவதாகவும் அமைந்துள்ளன. கேட்டறிந்தவனே சொல்லத் தக்கவன் என்னும் முறை அவ்வைப்பிலே தோன்றுகின்றது எனல் தகும். ஆயின், பேச்சிற் பெயர் பெற்றபின் ஒருவர்க்குக் கேட்கும் வாய்ப்பு அருகிவிடுகின்றது. அவர் செல்லும் இடமெல்லாம் பேசவே அழைக்கப்படுகின்றார். பேசுவோர் பலர் ஒருங்கு கூடி, ஒருவர் பேச மற்றையோர் கேட்கும் அவை ஒன்று உளதாயின், அதுவே அவர்க்கு உற்ற பள்ளிக்கூடமாகும். பேச்சாளர் மகாநாடு எனப்படுவது அத்தகைய அவையே.

இம்மகாநாடுகள் தழைத்த நிலம் ஐக்கிய அமெரிக்கா. 1924 ஆம் ஆண்டு ஒக்டோபர் 22 ஆம் நாள், கலிபோர்ணியாவிலுள்ள சாந்தா ஆனா நகரில், றல்ப் ஸ்மெட்லி என்பார் வாலிபர் கிறிஸ்தவ சங்கக் கட்டிடத்தில் ஒரு பேச்சுக் கழகத்தைத் தொடக்கினார். அதுவே இன்று உலகெங்கும் கிளைபரப்பியுள்ள ரோஸ்ற்மாஸ்ரர்ஸ் கழகம். அது பேச்சைப் பயில விரும்பும் எல்லார்க்கும் உரியது. பேச்சையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டோர்க்கெனக் கவெற் றொபேட் என்பார் 1973 இல் அமெரிக்கத் தேசியப் பேச்சாளர் சங்கத்தை நிறுவினார். ஒரே தொழிலைச் செய்வோர் ஒருவர்க்கொருவர் தொழின்மருமங்களைச் சொல்லிக்கொடுத்தாற் பிழைப்புக் கெடாதோ என்று ஐயுற்றோர்க்கு, நல்ல பேச்சாளர் பெருகினால் நல்ல பேச்சைக் கேட்க விரும்புவோரும் பெருகுவர் என்பதே அவர் கொண்ட விடை. அச்சங்கம் ஆண்டுதோறுங் கூட்டும் மகாநாட்டுக்கு அடிப்படை அக்கொள்கையே. 1977 முதல் அச்சங்கம் வழங்கிவரும் உயர்ந்த விருதும் ஒத்த தொழிலாளரின் மதிப்பீட்டாற் பெறப்படுவதேயன்றி, அவையோரின் ஆரவாரத்தாற் பெறப்படுவதன்று.

இலங்கைக்கும் இதனோடு தொடர்பு உண்டு. 2014 ஆம் ஆண்டிற் கோலாலம்பூரில் நடைபெற்ற ரோஸ்ற்மாஸ்ரர்ஸ் அனைத்துலக மகாநாட்டில், பொதுப்பேச்சுக்கான உலகப் போட்டியில் முதலிடம் பெற்றவர் இலங்கையரான தனஞ்சய ஹெட்டியாராச்சி.

மகாநாட்டுக்குச் செல்வோர் யாவரும் பயன் பெற்று மீள்கின்றனரோ எனின், அற்றன்று. பொருளுஞ் செலவிட்டு, மூன்று நான்கு நாள்களையுஞ் செலவிட்டு, ஒரு பை நிறையத் தாள்களோடு மீள்வோரே பலர். நன்னூலார் மாணாக்கரின் இயல்பைப் பல பொருள்களோடு உவமித்துக் கூறியுள்ளார். அவ்வுவமைகள் மகாநாட்டு மண்டபத்துக்கும் அப்படியே பொருந்துவனவாம். நிறைந்த தழையுள்ள மரத்தடியினின்றும் அடுத்த செடிக்குத் தாவும் ஆடுபோல, ஓர் அமர்வின் நடுவே எழுந்து மற்றோர் அமர்வுக்கு ஓடுவோர் உளர். ஓட்டைக்குடம்போலக் கேட்டதனைத்தையும் வாயிலிலேயே ஒழுகவிடுவோர் உளர். நெய்யை விட்டுக் கசட்டைப் பற்றும் நெய்யரிபோல, பேசியவரின் கருத்தை விட்டு அவர் சொன்ன நகைத்துணுக்கை மாத்திரம் எழுதிக்கொள்வோரும் உளர். இவரினும் மேலாயினும் முழுப்பயன் பெறாதவர் கிளி போன்றவர். அவர் பிறரின் குரலையுங் கையசைவையுங் கற்றுத் தம் ஊர் மேடையில் ஒப்புவிப்பார். வயிறு நிறைய மேய்ந்து, ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுப்போன்றவரே பயனுறுவர்.

அங்ஙனம் பயனுறுதற்குரிய வழியையும் நன்னூலே வகுத்துள்ளது. பவணந்தி முனிவர் 13 ஆம் நூற்றாண்டிற் செய்த அந்நூலின் பொதுப்பாயிரத்திலே, பாடங்கேட்டலின் வரலாறு கூறுமிடத்து ஒரு கணக்குத் தரப்படுகின்றது. ஆசிரியர் கூறுவதை எத்துணை நன்றாகக் கேட்டாலும் ஒருவன் பெறுவது காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகிப் பெறுவது மற்றொரு காற்பங்கு. கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைத்தலாற் பெறுவது எஞ்சிய அரைப்பங்கு. மகாநாட்டுக்குச் செல்வோர் பலர் முதற் காற்பங்கையே முழுதெனக் கருதிவிடுகின்றனர். அவர் வெறுங்கையராய் மீள்வதற்குக் காரணம் இதுவே.

முதற் காற்பங்கு மண்டபத்துள் இருப்பது. அதனை நிறைவாகப் பெறுதற்கு ஆயத்தம் வீட்டிலேயே தொடங்குதல் வேண்டும். தம் பேச்சிலுள்ள குறைகளுள் ஒன்றை முன்னரே தெரிந்தெடுத்துக்கொண்டு செல்வோர்க்கே மகாநாடு விடைகூறும். தோற்றுவாய் நீளுதல் ஒருவரின் குறையாகலாம். வாக்கிய முடிவிற் குரல் தாழ்ந்து அவிதல் மற்றொருவரின் குறையாகலாம். நேரமின்மையால் உரையைச் சுருக்கிக்கொள்வதாகக் கூறிக் கால்மணி நேரம் மேலும் பேசுதல் வேறொருவரின் குறையாகலாம். குறை இன்னதெனத் தெளிந்தவர், ஒரே வேளையிற் பல அறைகளில் நிகழும் அமர்வுகளுள் தமக்கு வேண்டியது எது என்பதையும் எளிதில் தெளிவர். பேரவையில் நிகழும் பெரிய உரைகள் இக்காலத்திற் பெரும்பாலும் ஒளிப்பதிவாகவுங் கிடைப்பன. கேள்வி கேட்டற்கு இடமுள்ள சிற்றவைகளோ பின்னர்க் கிடையா. ஆதலின் இரண்டனுள் ஒன்றைக் கொள்ள நேரின் சிற்றவையைக் கொள்ளலே தக்கது.

கேட்கும்போது பொருளை மாத்திரங் கேளாது தொழிலையுங் கேட்டல் வேண்டும். இசையறிவுடையான் கச்சேரி கேட்கும்போது பாட்டைச் சுவைப்பதோடு தாளத்தையும் எண்ணுகின்றான் அன்றோ? அதுபோல, குறிப்பேட்டின் பக்கத்தை இரண்டாக வகுத்து, இடப்புறத்தே பேசுவோர் சொன்னதையும், வலப்புறத்தே அவர் அதனைச் சொன்ன வகையையும் எழுதுக. அவை எப்போது முதன்முதல் நகைத்தது, எப்போது இருமத் தொடங்கியது, எவ்விடத்திற் பேச்சாளர் வாளாவிருந்தார், அவ்வமைதி யாது செய்தது என்பன வலப்புறத்துக்கு உரியவை. ஊர் மீண்டபின் உதவுவது அவ்வலப்புறமே.

எழுதியவற்றை அன்றிரவே மீளப் பார்த்தல் இன்றியமையாதது. ஜேர்மனியரான எபிங்கௌஸ் என்னும் உளநூலார், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து தம் மறதியை அளந்து 1885 இல் வெளியிட்டார். ஒரு நாள் கழிந்தபின் எஞ்சியது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. பொருளுள்ள பேச்சு அதனினும் நெடிது நிற்குமாயினும், மறதி முதல் நாளிலேயே விரைந்து வேலைசெய்யும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாவது காற்பங்கு மண்டபத்துக்குப் புறத்தே, தேநீர் மேசையிலும் தாழ்வாரத்திலும் இருப்பது. மேடையில் நிற்பவர் தாம் வென்ற கதையையே கூறுவர். தாம் தோற்ற கதையை அருகிருந்து கேட்போர்க்கே கூறுவர். எந்தப் பேச்சு உங்களுக்குக் கைகொடாது போயிற்று, அதனை எங்ஙனம் அறிந்தீர்கள் என்று பணிவோடு வினவினால், அரைமணி நேரத்திற் பெறும் விடை ஒரு முழு அமர்வின் பயனைத் தருதல் கூடும். தம் ஊரவரோடேயே உண்டு, தம் ஊரவரோடேயே இருந்து மீள்வோர் இப்பங்கை முற்றாக இழக்கின்றனர். கூச்சமுடையோர் நூறுபேரை அறிந்துகொள்ள வேண்டுவதில்லை. மூவரோடு மனந்திறந்து பேசுதல் அமையும். பெறுவது போலவே கொடுத்தலும் வேண்டும்; தாம் அறிந்த நுட்பம் ஒன்றை ஒளியாது சொல்பவர்க்கே பிறரும் ஒளியாது சொல்வர்.

ஒத்தாரின் மதிப்பீடு எத்துணைப் பயனுடையது என்பதற்கு ரோஸ்ற்மாஸ்ரர்ஸ் கழகத்தின் நடைமுறை ஒரு சான்று. அங்கே ஒருவர் 5 முதல் 7 நிமிடம் ஆயத்தஞ்செய்த உரையை நிகழ்த்துவார். 5 ஆம் நிமிடத்திற் பச்சை விளக்கும், 6 ஆம் நிமிடத்தில் மஞ்சள் விளக்கும், 7 ஆம் நிமிடத்திற் சிவப்பு விளக்கும் எரியும். பின்னர் மற்றோர் உறுப்பினர் எழுந்து, 2 அல்லது 3 நிமிடத்தில் அவ்வுரையின் நன்மையையுந் திருத்த வேண்டுவதையும் அவையறியக் கூறுவார். கைதட்டல் சொல்லாததை அம்மூன்று நிமிடம் சொல்லிவிடுகின்றது. தொழின்முறைப் பேச்சாளர் சிலர் மகாநாட்டிற் சந்தித்த ஐவர் அறுவராய்க் குழுவமைத்து, பின்னும் ஆண்டு முழுவதுந் தம் உரைப்பதிவுகளை மாற்றிக் கேட்டுத் திருத்திக்கொள்வதும் இதன்பொருட்டே.

இங்கே ஓர் எல்லையுங் குறித்தற்குரியது. பிறர் தம் வாழ்விற் பட்டறிந்து சொன்ன கதையைத் தமதாக்கி மேடையிற் கூறுதல் களவேயாம். அமெரிக்கச் சங்கத்தின் ஒழுக்கவிதியும் அதனை விலக்குகின்றது. பிறரிடங் கற்கவேண்டுவது கதையன்று. கதையை நடத்தும் முறையே.

எஞ்சியது அரைப்பங்கு. அஃது ஊர் மீண்டபின்னரே கைகூடுவது. கற்றதை மீள வாசித்தலினும், நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துரைத்தல் நிலைபேறு தரும் என்பதை அமெரிக்க உளநூலாராகிய றோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006 இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டுகின்றது. ஒரு பகுதியை வாசித்த மாணவருட் சிலர் அதனையே மீள வாசித்தனர். சிலர் நினைவிலிருந்து எழுதினர். 5 நிமிடத்தின்பின் சோதித்தபோது மீள வாசித்தோரே முன்னின்றனர். ஒரு வாரத்தின்பின் சோதித்தபோதோ, மீள வாசித்தோர் நூற்றுக்கு 42 பங்கையும், நினைவிலிருந்து எழுதினோர் 56 பங்கையும் நினைவிற் கொண்டிருந்தனர். நன்னூலார் எடுத்துரைத்தலுக்கு அரைப்பங்கு கொடுத்தமையின் பொருத்தம் இதனாலும் புலனாகும்.

ஆதலின், மகாநாட்டினின்று மீண்டவர் ஒரு வாரத்துக்குள்ளே தம் நண்பர் சிலரைக் கூட்டி, தாம் கேட்டவற்றுட் சிறந்ததொன்றைக் குறிப்பேட்டைப் பாராது எடுத்துரைத்தல் வேண்டும். அடுத்த உரையிலே தம்மிடம் ஒரு மாற்றத்தை மாத்திரஞ் செய்து பார்த்தல் வேண்டும். பத்து மாற்றங்களை ஒருங்கே செய்யப் புகுவோர்க்கு எது பயன்தந்தது என்பது தெரியாது போம். அம்மாற்றம் அவையில் யாது விளைத்தது என்பதை நடுநிலையுடையார் ஒருவரிடங் கேட்டறிந்தபின்னரே அடுத்த மாற்றத்துக்குச் செல்லல் முறை.

ஒரே உரையைப் பன்முறை ஆற்றித் திருத்திய பெருமை றசல் கொன்வெல் என்பாருக்கு உரியது. பிலடெல்பியாவிலுள்ள ரெம்பிள் பல்கலைக்கழகத்தை நிறுவிய இவர் 1925 இற் காலமானார். தம் உரையாகிய ‘வைர நிலங்கள்’ என்பதை இவர் 6000 முறைக்குமேல் ஆற்றினார். அதனை இவர் கிளிபோல ஒப்புவித்தாரல்லர். ஓர் ஊருக்கு வேளையோடு சென்று, அஞ்சலதிபர், முடிதிருத்துவோர், விடுதிக்காரர், பாடசாலைத் தலைவர் முதலியோரைக் கண்டு, அவ்வூரின் நிலையைக் கேட்டறிந்து, அதன்பின்னரே அங்கே பேசினார். ஆயிரக்கணக்கான முறை பேசியவரும் ஒவ்வோர் ஊரிலும் முதலிற் கேட்போராகவே இருந்தனர் என்பது சிந்தித்தற்குரியது.

இவ்வாறு பயனுறுதற்கு அமெரிக்காவுக்குச் செல்லல் வேண்டுமென்னும் நியதியில்லை. யாழ்ப்பாணத்தில் மேடைப் பேச்சுக்கு நெடிய வரலாறு உண்டு. 1847 ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 31 ஆம் நாள், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகநாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்பணியில் நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் அவருக்கு உடனின்றார். அம்மரபின் வழியே கல்லூரிகளின் தமிழ்ச் சங்கங்களிலும் விவாத மேடைகளிலும் கோயில் மண்டபங்களிலும் இன்றும் பேச்சாளர் தோன்றுகின்றனர். ஆயினும் அவர்கள் சந்திப்பது பெரும்பாலும் போட்டிகளிலேயே. அங்கே ஒருவர் மற்றவரைக் கேட்பது வெல்லுதற்காகவேயன்றிக் கற்றற்காக அன்று. நடுவரும் புள்ளியைச் சொல்கின்றாரன்றிக் காரணத்தைச் சொல்வதில்லை.

இரண்டு மூன்று கல்லூரிகளின் மாணவப் பேச்சாளர் ஆண்டில் ஒரு நாள் பரிசின்றிக் கூடலாம். ஒருவர் 7 நிமிடம் பேச, மற்றொருவர் 3 நிமிடம் மதிப்பிடலாம். நண்பகலில் ஒருங்கிருந்து உண்டு உரையாடலாம். மீண்டபின் ஒவ்வொருவருந் தம் கல்லூரிச் சங்கத்திலே தாம் கற்றதை எடுத்துரைக்கலாம். நன்னூலார் கூறிய காற்பங்கும் காற்பங்கும் அரைப்பங்கும் அவ்வொரு நாளிலே வித்திடப்படும். அதற்கு வேண்டுவது பெரும்பொருளன்று. மேடையினின்று இறங்கி, மற்றவர் பேசும்போது முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் மனமொன்றே வேண்டப்படுவது.