ஹெலிகொப்டர் ஏன் 'தட தட' என்கிறது?

வெள்ளவத்தைக் கடற்கரையில் நிற்கும்போது இரத்மலானைப் பக்கமிருந்து 'தட தட' என்று ஓசை வந்தால், பெல் 212 ஹெலிகொப்டர் வருகிறது என்று பழகிய காது சொல்லிவிடும். இலங்கை விமானப்படையின் நெடுங்கால ஊர்தி அது. அந்த ஓசை ஏன்?

அதன் பிரதான விசிறிக்கு இரண்டே இறக்கைகள். அவை சுழலும்போது மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது, கீழ்ப்புறத்தில் கூடுகிறது. இந்த வேறுபாடுதான் தூக்குவிசை. இறக்கை நுனியில் கீழ்க்காற்று மேலே வழுகி, முறுக்கிய கயிறுபோல ஒரு சுழலாகப் பின்தங்குகிறது. ஹெலிகொப்டர் தாழ இறங்கும்போது அடுத்த இறக்கை அந்தச் சுழலில் மோதுகிறது. தூக்குவிசை சட்டென மாறி, காற்று அதிர்கிறது. விசிறி நிமிடத்துக்குச் சுமார் 320 சுற்று சுற்றுவதால், செக்கனுக்கு ஏறத்தாழ 11 துடிப்பு. எம்.ஐ. 17 ஹெலிகொப்டரிலோ ஐந்து இறக்கைகள். துடிப்புகள் நெருங்கி இரைச்சலாகின்றன.

தூக்குவிசையின் இந்த மாற்றத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? கணினியில் இறக்கையையும் சுழலையும் சிறு துண்டுகளாக்குவார்கள். மின்கம்பியைச் சூழும் காந்தப்புலத்துக்காக 1820இல் இயற்பியலாளர்கள் பியோவும் சாவாரும் கண்ட விதியே, ஒவ்வொரு சுழல் துண்டும் காற்றை எவ்வளவு தள்ளுகிறது என்றும் சொல்கிறது. அந்தத் தள்ளல் தூக்குவிசையை மாற்றும். மாறிய தூக்குவிசை சுழலை மாற்றும். இரண்டும் ஒத்துவரும்வரை கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

அடுத்த முறை அந்த ஓசை கேட்டால் பிள்ளைகளை வெளியே கூப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத காற்றுச் சுழலைக் காதால் கேட்கலாம்.