'ஒவ்வொரு'வா, 'பெரும்பாலான'வா? 4 லட்சம் பேரின் மார்க்கை மாற்றிய ஒரே ஒரு சொல்!

"உனக்கு என்ன விடை வந்துச்சு?"

தேர்வு எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளைகள், தண்ணீர் குடிப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி இது. அதிலும் இயற்பியல் என்றால் சொல்லவே வேண்டாம். கொடைக்கானல் பிள்ளைகள் நீட் எழுத வேண்டுமென்றால் மலையைவிட்டு இறங்கி, திண்டுக்கல், மதுரை போன்ற ஊர்களுக்குப் போய்த் திரும்ப வேண்டும். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும் நேரமெல்லாம் இந்தப் பேச்சுதான் ஓடும். இரண்டு பேருக்கும் ஒரே விடை என்றால் நிம்மதி. வேறு வேறு விடை என்றால் அன்றைக்குத் தூக்கம் போச்சு!

வழக்கமாக, ஆன்சர் கீ வந்ததும் இந்தச் சண்டை ஓய்ந்துவிடும். ஆனால் 2024-ல் ஒரே ஒரு இயற்பியல் கேள்வி, கீ வந்த பிறகும் ஓயவில்லை, ரிசல்ட் வந்த பிறகும் ஓயவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் ஓய்ந்தது.

அப்படி என்ன கேள்வி?

2024 மே 5 அன்று நடந்த நீட் தேர்வில் அணுவைப் பற்றி இரண்டு கூற்றுகளைக் கொடுத்திருந்தார்கள்.

முதல் கூற்று: அணுவில் நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் சமமாக இருப்பதால், அது மின் நடுநிலை கொண்டது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இரண்டாவது கூற்று: ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, அவை தமக்கே உரிய நிறமாலையை வெளியிடுகின்றன. சிக்கல் இங்கேதான்.

இரண்டுமே சரி என்பது 2-வது விடை. முதலாவது சரி, இரண்டாவது தவறு என்பது 4-வது விடை.

யுரேனியம், ரேடியம் போன்ற கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் தாமாகவே சிதைபவை. அப்படியிருக்க, 'ஒவ்வொரு தனிமமும்' நிலையானது என்று எப்படிச் சொல்ல முடியும்? எனவே 4-வது விடைதான் சரி. ஆனால், என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்புப் பழைய புத்தகத்தில் 'ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும்' என்றே இருந்தது. புதிய பதிப்பில்தான் 'பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள்' என்று திருத்தினார்கள்.

அக்கா படித்த புத்தகம் தம்பிக்கு, அண்ணன் படித்தது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று கைமாறுவது நம் ஊர் வழக்கம். பழைய புத்தகத்தை வரி வரியாகப் படித்தவர் 2-ஐப் போட்டார். புதியதைப் படித்தவர் 4-ஐப் போட்டார். "புக்லயே அப்படித்தான் இருக்கு" என்று இரண்டு பேருமே சத்தியம் செய்யலாம். இரண்டும் பொய்யில்லை!

67-லிருந்து 17

தேர்வை நடத்திய தேசியத் தேர்வு முகமை, முதலில் வெளியிட்ட தற்காலிகக் கீயில் 4-வது விடையைத்தான் சரி என்றது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் 13 ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்சேபனைகள் குவிந்தன. பழைய புத்தகத்தில் படித்தவர்கள் பாதிக்கப்படக் கூடாது என்று இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் வழங்கியது முகமை. ஜூன் 4-ல் ரிசல்ட் வந்தபோது 67 பேர் 720-க்கு 720. அவர்களில் 44 பேருக்கு முழு மதிப்பெண் கிடைக்க இந்தக் கேள்விதான் காரணம்.

'ஒரு கேள்விக்கு இரண்டு விடை எப்படிச் சரியாகும்?' என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. புதிய பதிப்பைத்தான் படிக்க வேண்டும் என்பது முகமையின் அறிவுறுத்தல் என்பதையும் நீதிமன்றம் கவனத்தில் கொண்டது. ஜூலை 22 அன்று, மூன்று நிபுணர்களைக் கொண்டு சரியான விடையைக் கண்டறிந்து மறுநாள் மதியத்துக்குள் சொல்லும்படி டெல்லி ஐ.ஐ.டி. இயக்குநரைக் கேட்டுக்கொண்டது. நிபுணர்களின் பதில்: 4-வது மட்டுமே சரி.

2-வது விடையைத் தேர்ந்தெடுத்திருந்தவர்கள் சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம் பேர். கொடுத்த 4 மதிப்பெண் போக, தவறான விடைக்கான 1 மதிப்பெண்ணும் கழிந்தது. ஆளுக்கு 5 மார்க் காலி! கருணை மதிப்பெண் பிரச்னையில் ஏற்கெனவே 61 ஆகக் குறைந்திருந்த முழு மதிப்பெண்காரர்கள், இப்போது 17 ஆனார்கள். ஒவ்வொரு மார்க்கிலும் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கும் தேர்வில் 5 மார்க் என்பது, சில வீடுகளில் மருத்துவ சீட்டே கைநழுவுவதற்குச் சமம்.

கொடைக்கானல் மலை சொல்லும் விடை

அந்த இரண்டாவது கூற்றில் ஒரு பாதியைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. 'தமக்கே உரிய நிறமாலை' என்ற பாதி அது. ஒவ்வொருவருக்கும் கைரேகை இருப்பதுபோல, ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒளியில் தனித்தனிக் கோடுகள் உண்டு. அந்தக் கோடுகளைப் படிக்கும் வேலையை நூறாண்டுகளுக்கும் மேலாகச் செய்துவரும் இடம், பழனி மலையின் உச்சியில் இருக்கிறது. சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், 1899-ல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம்!

1909 ஜனவரியில் இங்கே ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியப் புள்ளிகளிலிருந்து வரும் ஒளியை ஆராய்ந்தார். கோடுகள் இருக்க வேண்டிய இடத்தையும், அவை தென்பட்ட இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்திருந்தன. புள்ளிகளில் வாயு சுழல்கிறது என்று எதிர்பார்க்கப்பட்ட நேரம் அது. ஆனால், அந்த நகர்வு சுழற்சிக்குப் பொருந்தவில்லை. வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்று அவர் கண்டறிந்தார். இன்றும் உலகம் முழுக்க அதை 'எவர்ஷெட் விளைவு' என்றே படிக்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால், அவர் செய்ததும் விடைகளை ஒப்பிடும் வேலைதான். இரண்டும் பொருந்தாமல் போன இடத்தில் அவர் பதறவில்லை. 'ஏன்?' என்று கேட்டார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* இன்னும் தேர்வுகள் பாக்கி இருக்கும்போது, முடிந்த தாளை அலச வேண்டாம். போனது போகட்டும், நாளைய தாளைப் பார்க்கட்டும்.

* கடைசித் தேர்வு முடிந்ததும் தாராளமாக ஒப்பிடட்டும். 'உனக்கு என்ன வந்துச்சு?' என்பதோடு நிற்காமல், 'ஏன் அப்படிப் போட்டே?' என்றும் கேட்டுக்கொள்ளட்டும்.

* பழைய புத்தகம் கைமாறி வந்தால், நடப்புப் பதிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

* தற்காலிகக் கீ வந்ததும் உடனே சரிபாருங்கள். நீட்டில் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபனை தெரிவிக்கலாம். அதற்கான கெடு சில நாள்கள்தான்.

'ஒவ்வொரு' என்ற சொல்லைப் பார்த்ததும், 'நிஜமாவே எல்லாமேவா? யுரேனியம் கூடவா?' என்று ஒரு நொடி நின்று யோசித்த பிள்ளைக்கு, பழைய புத்தகம் கையில் இருந்தாலும் 4-வது விடை கிடைத்திருக்கும். புத்தகத்தில் வரிகள் மாறலாம். யோசித்துப் படித்த பிள்ளையை அது அவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிடாது.