ஓய்வுக்குப் பின் ஊர் மாறலாமா? வீட்டை விற்கும் முன் ஒரு வருடம்

தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 60. வேலையை விட்டு இறங்கும்போது பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்ந்து அதுவரை கண்ணில் பார்த்திராத தொகை கைக்கு வருகிறது. கூடவே ஒரு யோசனையும் வருகிறது: ‘இனி சென்னையில் நமக்கு என்ன வேலை? வீட்டை விற்றுவிட்டு ஊர்ப்பக்கம் போய்விடலாமே.’ சிலருக்குச் சொந்த கிராமம், சிலருக்குக் கோவையில் இருக்கும் மூத்தோர் குடியிருப்பு, சிலருக்குக் கொடைக்கானல், சிலருக்குப் பிள்ளை வேலை பார்க்கும் பெங்களூரு.

யோசனை தவறில்லை, அவசரம்தான் தவறு. வேலை போவது ஒரு மாற்றம், ஊர் மாறுவது இன்னொரு மாற்றம். இரண்டையும் ஒரே மாதத்தில் செய்தால், பிறகு மனசு சரியில்லாதபோது காரணம் எது என்றே தெரியாது. சும்மா இருப்பது கசக்கிறதா, புது ஊர் கசக்கிறதா? அதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஓய்வு பெற்ற முதல் சில மாதங்கள் பழைய வீட்டிலேயே இருங்கள். அடுத்த ஒரு வருடம், போக நினைக்கும் ஊரில் வாடகைக்கு இருங்கள். அதுவரை சென்னை வீட்டையும் வாடகைக்கு விடலாம்.

வரிச் சட்டத்திலும் அவகாசம் உண்டு

‘வீட்டை விற்றால் உடனே இன்னொன்று வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் வரி’ என்ற பயம்தான் பலரை அவசரப்படுத்துகிறது. விதி அவ்வளவு கடுமையானதல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த குடியிருப்பு வீட்டை விற்றுவரும் ஆதாயத்துக்கு, விற்ற தேதியிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ 3 ஆண்டுகளுக்குள் கட்டி முடித்தாலோ வரிவிலக்குக் கிடைக்கும். விற்பதற்கு ஓராண்டு முன்பே வாங்கியிருந்தாலும் செல்லும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வாங்க முடியாவிட்டால், செலவிடாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். இதை மறந்தால் விலக்கு போய்விடும்.

கையில் வந்த பணத்துக்கும் இடைக்காலத்தில் ஓர் இடம் வேண்டும். 60 வயது ஆனவர்கள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கணக்கில் வந்துவிடும். ஊர் மாறினால் கணக்கை வேறு அஞ்சலகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வங்கியில் வைப்பதானால், ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புத்தொகைக் காப்பீடு என்பதை நினைவில் வையுங்கள்.

ஊரைப் பிடிக்காத மாதத்தில் பாருங்கள்

டிசம்பரில் கோவைக்கும், சீசனில் குற்றாலத்துக்கும் போனால் யாருக்குத்தான் பிடிக்காது? குடியேறப் போகிற ஊரை அதன் மோசமான மாதத்தில் பார்க்க வேண்டும். தஞ்சைப் பக்கம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது? வேலூர், திருச்சி என்றால் மே மாத வெயிலில் மின்சாரமும் குடிநீரும் எப்படி? ஊட்டி, கொடைக்கானல் இரண்டுமே 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவை. மூட்டுவலியும் மூச்சிரைப்பும் உள்ளவர்களுக்கு ஏற்ற இறக்கமும் குளிரும் சேர்ந்து படுத்தும். இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்?

இட வசதி, காற்று, அமைதி எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது. இரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்துக்கு, அதைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதனால் ‘பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. இரவிலும் ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரிக்கு 108 வண்டியில் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். 2022 ஜனவரியில் மட்டும் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ராமநாதபுரம், விருதுநகர், நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் நிலைமை முன்பு போல இல்லை.

சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ உதவும். கிராமத்துக்குப் போனதும் அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள், தங்கள் மருத்துவத் திட்டத்தின் மையம் அந்த ஊரில் உண்டா என்று முன்பே பார்க்க வேண்டும். சென்னையில் இருந்த வசதி எல்லா மாவட்டத்திலும் கிடையாது.

எந்த ஊரானாலும் ஒரு சிக்கல் உண்டு

சொந்த ஊர் பழகிய ஊர் என்று தோன்றும். முப்பது, நாற்பது வருடம் வெளியே இருந்துவிட்டுப் போகிறவருக்கு அதுவும் புது ஊர்தான். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வந்துபோனவரை ஊர் விருந்தாளியாகக் கொண்டாடும். நிரந்தரமாக வந்துவிட்டால் பங்காளியாகப் பார்க்கும். பூர்வீக நிலத்தில் வீடு கட்டும் எண்ணம் இருந்தால், அளந்து கல் நட்டு, பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரிபார்த்த பிறகே அஸ்திவாரம் தோண்டுங்கள்.

மூத்தோர் குடியிருப்பில் சாப்பாடு, காவல், செவிலியர் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். பணம் கட்டுமுன் சில கேள்விகள்: மாதப் பராமரிப்புக் கட்டணத்தை யார், எந்த அளவில் உயர்த்துவார்கள்? தம்பதியில் ஒருவர் காலமானால் மற்றவருக்கு என்ன ஏற்பாடு? படுக்கையில் விழுந்தால் அங்கேயே கவனிப்பார்களா, வேறிடம் பார்க்கச் சொல்வார்களா? பிள்ளைகள் விற்க நினைத்தால் யாருக்கு விற்கலாம்? பதிலை விற்பனையாளர் வாயிலிருந்து கேட்பதைவிட, அங்கே ஏற்கெனவே இருக்கும் நாலு பேரோடு சாயங்காலம் உட்கார்ந்து பேசினால் தெரிந்துவிடும்.

பிள்ளை வீட்டுக்குப் போகிறவர்கள் இரண்டைப் பேசித் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: பேரக்குழந்தையை எத்தனை மணி நேரம் பார்த்துக்கொள்வது, வீட்டுச் செலவில் உங்கள் பங்கு என்ன. சென்னை வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போவதானால், தானசெட்டில்மென்ட் பத்திரத்தில் ‘எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைத் தெளிவாக எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, அப்படி நிபந்தனை இருந்தும் பராமரிக்காவிட்டால் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்காரம்மாவுக்கு ஓய்வு எப்போது?

ஊர் மாறும் முடிவைப் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர் எடுக்கிறார். விலை கொடுப்பவர் மனைவி. அவர் வேலைக்குப் போகாதவராக இருந்தால், பல வருடம் சேர்த்த அக்கம்பக்கம், பூக்காரம்மா, நம்பி வீட்டைவிட்டுப் போகும் பணிப்பெண், வெள்ளிக்கிழமைக் கோயில் கூட்டம் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். அடுப்படி மட்டும் கூடவே வரும். கணவரும் நாள் முழுக்க வீட்டில் என்றால் காபி, டிபன், சாப்பாடு என்று வேலை கூடத்தான் செய்யும். காய்கறி வாங்குவது, ஒரு வேளைச் சமையல், மின்கட்டணம் என்று சில பொறுப்புகளை இவர் ஏற்க வேண்டும். முடிவெடுக்கும்போது மனைவியின் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குச் சம மதிப்பு இருக்கட்டும்.

புது ஊரில் ஆள் பிடிப்பது எப்படி?

அலுவலகத்தில் ‘சார்’ என்று எழுந்து நின்றவர்கள் இங்கே கிடையாது. நீங்கள் தாசில்தாராக இருந்தீர்களா, தலைமை எழுத்தரா என்று பால்காரருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. முதல் சில மாதம் இது உறுத்தும். பழைய பதவியைச் சொல்லி மரியாதை தேடினால் ஆட்கள் விலகிப் போவார்கள்.

தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போவதுதான் பழக்கம் பிடிக்க எளிய வழி. கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். காலையில் உழவர் சந்தைக்கு நடந்து போங்கள். பத்தாவது நாளில் யாராவது ‘நேத்து காணோமே’ என்பார்கள். கிராமம் என்றால் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. முதல் ஒன்றிரண்டு கூட்டங்களில் பேசாமல் கேளுங்கள். ஊரில் எதற்குச் சண்டை, யாருக்கு எது தேவை என்பது புரியும். அதன் பிறகு மனு எழுதித் தருவது, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவது என்று உங்கள் கைவசம் உள்ளதைக் கொடுக்கலாம்.

காகித வேலை

ஆதாரில் முகவரியை முதலில் மாற்றுங்கள், மற்றவை அதைத் தொடர்ந்து வரும். வாக்காளர் பட்டியலில் இடம் மாற்றப் படிவம் 8. குடும்ப அட்டை, எரிவாயு இணைப்பு, மருத்துவக் காப்பீடு, வங்கி ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடியுங்கள். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு 2025 ஜனவரி முதல் எந்த வங்கி, எந்தக் கிளையிலும் பணம் வரும். ஊர் மாறினால் கோப்பை மாற்ற வேண்டியதில்லை. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் தர வேண்டிய உயிர்வாழ் சான்றிதழை, 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். கைப்பேசியில் முகத்தைக் காட்டியும் பதியலாம், தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லியும் பதியலாம். தமிழக அரசு ஓய்வூதியர்கள் ஆண்டு நேர்காணலைத் தவறவிடக் கூடாது. போக்குவரத்துச் செலவையும் கணக்கில் சேருங்கள்: ரயிலில் முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. சென்னை மாநகரப் பேருந்தின் முதியோர் இலவச டோக்கன் வெளியூரில் செல்லாது.

வருடக் கடைசியில்

வாடகை வருடம் முடியும்போது கணவனும் மனைவியும் தனித்தனித் தாளில் பதில் எழுதுங்கள். உடம்புக்கு முடியாமல் போன நாளில் உதவிக்கு வந்தது யார்? கடைசியாகப் பழைய ஊருக்குப் போய்த் திரும்பியபோது, திரும்பி வரத் தோன்றியதா? மாதச் செலவு ஓய்வூதியத்துக்குள் அடங்கியதா? இரண்டு தாளும் ஒத்துப்போனால் தயங்காமல் வீட்டை விற்கலாம். ஒத்துப்போகாவிட்டால் வாடகை ஒப்பந்தத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டுங்கள், அல்லது சாமான்களைக் கட்டிக்கொண்டு திரும்புங்கள். அந்த வாடகைப் பணம் வீண் செலவு ஆகாது. பிடிக்காத ஊரில் வீட்டை வாங்கிவிட்டு விற்க முடியாமல் தவிப்பதோடு ஒப்பிட்டால், அது மிகவும் சின்னத் தொகை.