பட்டதா, படவில்லையா?

கள்ளன் போலீஸ் ஆடிய எல்லாருக்கும் இந்தச் சண்டை பழக்கம். "டுமீல்! நீ அவுட்டுடா." "எங்கடா பட்டுச்சு? நான் செவுத்துக்குப் பின்னாடி இருந்தேன்ல?" குரல் பெரியவன் ஜெயிப்பான், இல்லாவிட்டால் ஆட்டமே கலைந்துவிடும். விரலையே துப்பாக்கியாக்கிக்கொள்ளத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கடைசிவரை கிடைக்காத ஒன்று உண்டென்றால், அது நடுவர். லேசர் டேக் என்னை இவ்வளவு ஈர்ப்பதற்குக் காரணமே அந்த நடுவர்தான். யார் யாரை எந்த நொடியில் அடித்தார் என்பதை ஒளியிலேயே எழுதி அனுப்பி, வழக்குக்கு இடமில்லாமல் செய்துவிட்ட விளையாட்டு இது.

ராணுவத்திலும் இதே வழக்கு இருந்தது. போர்ப் பயிற்சியில் வெற்றுத் தோட்டாதான் வெடிக்கும். யார் செத்தார், எந்த டாங்கி அழிந்தது என்பதைக் கூடவே வரும் நடுவர்கள் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவத்துக்காக ஜெராக்ஸ் நிறுவனத்தின் மின் ஒளியியல் பிரிவு உருவாக்கிய 'மைல்ஸ்' என்ற கருவித் தொகுப்பு இதற்கு விடை கண்டது. துப்பாக்கிக் குழலில் ஒரு சின்னப் பெட்டி. வெற்றுத் தோட்டா வெடித்ததும் அந்தப் பெட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் பாயும். எதிராளியின் தலைக்கவசத்திலும் மார்புப் பட்டையிலும் உள்ள உணரிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். மயிரிழையில் தப்பினால் சின்னதாக ஒரு பீப். பட்டுவிட்டால் ஓயாத அலறல். அலறலை நிறுத்த வேண்டுமானால் தன் துப்பாக்கியிலுள்ள மஞ்சள் சாவியை உருவ வேண்டும். உருவினால் துப்பாக்கி செயலற்றுவிடும். 'எனக்குப் படவே இல்லை' என்று சாதிக்க யாருக்கும் வழியில்லை. எந்த ஆயுதம் சுட்டது என்ற தகவலும் அந்த ஒளிக்குள்ளேயே இருந்ததால், சாதாரணத் துப்பாக்கியால் டாங்கியை 'அழித்துவிட்டேன்' என்று யாரும் கணக்குக் காட்டவும் முடியவில்லை. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்திலுள்ள ஃபோர்ட் இர்வின் பயிற்சி மையத்தில் 1980களில் நடந்த மாதிரிப் போர்களுக்கு முதுகெலும்பு இந்தக் கருவிதான்.

விளையாட்டுக்கான கதை டல்லாஸ் நகரில் தொடங்குகிறது. அந்த ஊருக்கும் அகச்சிவப்பு ஒளிக்கும் பழைய உறவு. 1961இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் பயர்ட், கேரி பிட்மன் என்ற இருவர், காலியம் ஆர்சனைடு டயோடு ஒன்று மின்சாரம் பாயும்போது அகச்சிவப்பு ஒளியை உமிழ்வதைக் கண்டுபிடித்தார்கள். மறுவருடமே அது விற்பனைக்கு வந்தது. ஒன்றின் விலை 130 டாலர். இன்று டிவி ரிமோட்டின் நுனியில் இருப்பது அதன் வம்சம்தான்.

அதே டல்லாஸில் 1984 மார்ச் 28 அன்று ஜார்ஜ் கார்ட்டர் என்பவர் 'ஃபோட்டான்' என்ற அரங்கத்தைத் திறந்தார். 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படம் பார்த்தபோது முளைத்த யோசனை அது. தலையில் கவசம், மார்பில் உணரிப் பெட்டி, இடுப்பில் பேட்டரிப் பட்டை. சிவப்பு அணி, பச்சை அணி. புகையும் இசையும் நிறைந்த இருட்டுக் களம். அதற்கு முன்பே, 1979இல், சவுத் பெண்ட் நிறுவனம் 'ஸ்டார் ட்ரெக்' பெயரில் அகச்சிவப்புப் பொம்மைத் துப்பாக்கிகளை விற்றிருந்தது. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் டிக்கெட் வாங்கி, அணி பிரிந்து, கணினி தரும் மதிப்பெண்ணை ஏற்றுக்கொண்டு ஆடும் விளையாட்டாக இதை ஆக்கியவர் கார்ட்டர்தான். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

1986இல் வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர் நிறுவனம் 'லேசர் டேக்' என்ற பெயரிலேயே வீட்டுப் பொம்மையைக் கொண்டுவந்தது. கூடவே தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் தொடர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்தக் கொண்டாட்டத்தின் மீது இருள் விழுந்தது. கலிபோர்னியாவில் இரவு நேரத்தில் ஒரு பள்ளி வளாகத்தில் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்த 19 வயது இளைஞரை, கையில் இருப்பது நிஜத் துப்பாக்கி என நினைத்துக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றுவிட்டார். இத்தகைய சாவுகளுக்குப் பின் 1988இல், பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் ஆரஞ்சு நிற அடையாளம் இருக்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தது. இந்த விளையாட்டை நேசிக்கும் எவரும் இந்தச் சம்பவத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. துப்பாக்கி பொம்மையாகவே தெரிய வேண்டும், ஆடும் இடம் ஆட்டத்துக்கென்றே ஒதுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர் 1987 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. ஃபோட்டான் அரங்கங்கள் பலவும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூடப்பட்டன. விளையாட்டு மட்டும் சாகவில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் புதிய அரங்கங்கள் முளைத்தன. இன்று நம்மூர் மால்களிலும் பிறந்தநாள் பிள்ளைகள் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு இருட்டில் ஓடுகிறார்கள்.

அங்கே புகையைக் கிழித்துக்கொண்டு பாயும் சிவப்புக் கோட்டைப் பார்த்து, அதுதான் நம்மை அவுட்டாக்கியது என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலான அரங்கங்களில் அந்தக் கோடு கண்ணுக்கு விருந்து, குறிபார்க்க உதவி, அவ்வளவே. புகைத் துகள்களில் பட்டுச் சிதறுவதால்தான் அது பக்கவாட்டிலிருந்து தெரிகிறது. புகை இல்லையென்றால் சுவரில் விழும் புள்ளிதான் மிச்சம். நிஜ வேலையைச் செய்வது கூடவே புறப்படும் அகச்சிவப்பு ஒளி. அதைப் பார்க்க ஆசையா? டிவி ரிமோட்டின் நுனியை செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். பல போன்களில் வெளிர் ஊதா நிறத்தில் ஒரு துடிப்பு தெரியும். அதுபோன்ற ஒளிதான் அரங்கத்திலும் பறக்கிறது.

வெயிலிலும் விளக்கிலும் அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கும்போது உணரி எப்படிக் குழம்பாமல் இருக்கிறது? அனுப்பும் ஒளியைச் சும்மா எரியவிடாமல் விநாடிக்குப் பல்லாயிரம் முறை அணைத்து எரியவிடுகிறார்கள். ரிமோட்டுகளில் இது பெரும்பாலும் 38,000 முறை. உணரிச் சில்லு அந்தத் துடிப்புக்கு மட்டும் காது கொடுக்கும். கல்யாண மண்டப இரைச்சலிலும் தன் குழந்தையின் அழுகையைப் பிரித்துக் கேட்டுவிடுகிற தாயைப் போல.

அந்தத் துடிப்பின் மேல்தான் செய்தி எழுதப்படுகிறது. சொந்தமாகக் கருவி செய்பவர்களிடையே புழங்கும் 'மைல்ஸ்டேக்' முறையை எடுத்துக்கொள்வோம். விசையை அழுத்தியதும் முதலில் 2.4 மில்லிவிநாடி நீளமுள்ள ஓர் ஒளிக்கீற்று, 'கவனி' என்பதற்கு. பிறகு 14 பிட்கள்: 1.2 மில்லிவிநாடிக் கீற்று என்றால் ஒன்று, 0.6 என்றால் பூஜ்யம். இது குண்டுதான் என்று சொல்ல 1 பிட். சுட்டவரின் எண்ணுக்கு 7. ஆக 128 பேர் வரை ஆடலாம். அணிக்கு 2. அடி எவ்வளவு பலம் என்பதற்கு 4. எல்லாம் சேர்த்து ஒரு விநாடியில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். அடிபட்டவரின் ஜாக்கெட் அலறும்போது, அடித்தது யார் என்பதும் அதற்குத் தெரிந்திருக்கும். சொந்த அணிக்காரரே சுட்டிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

இந்த விதிகளை ரகசியமாகப் பூட்டி வைக்காமல் பொதுவில் வைத்திருக்கிறார்கள் இந்தப் பொழுதுபோக்கின் பித்தர்கள். அவர்களுடைய துப்பாக்கிக்குள்ளே இருப்பது பிவிசி குழாய் ஒன்று, நுனியில் ஒரு குவிலென்ஸ், அதன் குவியப் புள்ளியில் அகச்சிவப்பு எல்இடி. அவர்களுக்குள் ஓயாத விவாதம் கற்றையின் அகலத்தைப் பற்றித்தான். எல்இடியின் ஒளிவிடும் பரப்பு 1 மில்லிமீட்டர், லென்ஸின் குவியத் தூரம் 100 மில்லிமீட்டர் என்றால், 50 மீட்டர் தள்ளிக் கற்றை அரை மீட்டர் அகலத்துக்கு விரியும். கிட்டத்தட்ட ஒரு ஆளின் தோள் அகலம். அதைவிட அகலமாக்கினால் குறிபார்க்காமலே அடிக்கலாம், ஆட்டம் சப்பென்று போய்விடும். மிகவும் ஒடுக்கினால் உணரி உள்ள இடத்தில் விழாமல் விலா எலும்பில் விழும், சரியாகச் சுட்டவருக்கும் புள்ளி கிடைக்காது. அதனால் மாலை வெளிச்சத்தில் ஒருவர் தூரத்தில் ஜாக்கெட்டோடு நிற்க, இன்னொருவர் எல்இடியைக் குழாய்க்குள் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, சுட்டுச் சுட்டுப் பார்க்கிறார். "பட்டுச்சா?" என்று அவர் கேட்கத் தேவையே இல்லை.