அடைபட்ட வடிகால்: இடமறிந்து கை வையுங்கள்



பிழைப்பைத் தேடிக் கொச்சிக்கு வந்து, கலூர் போன்ற நெருக்கமான பகுதிகளில் வாடகை வீடுகளில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு அடிக்கடி நேரிடும் தொல்லை ஒன்று உண்டு. குளியலறையில் தண்ணீர் வடியாமல் நிற்கும். சமையலறைத் தொட்டியில் துர்நாற்றம் வீசும். உடனே சிலர் ஆசிட் புட்டியைத் தேடுகிறார்கள். வேறு சிலர் பிளம்பருக்குக் கொடுக்கப் பணமின்றி நாட்கணக்காய்ச் சகிக்கிறார்கள். அடைப்பு எங்கே இருக்கிறது என்பதை முதலாவது அறிந்துகொண்டால், பெரும்பாலும் இவ்விரண்டும் அவசியப்படாது.

இடத்தை அறிவது எப்படி?

ஒரு தொட்டியில் மட்டும் நீர் தேங்கினால், தடை அதன் அருகிலேயே இருக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றும்போது குளியலறைத் துவாரத்தில் குமிழியிட்டு நீர் மேலெழும்பினால், எல்லாம் வந்து சேரும் பொதுக்குழாயில் தடை உண்டு. வெளியே உள்ள சேம்பரின் மூடியைத் திறந்து பாருங்கள். அது நிறைந்திருந்தால் தடை அதற்கு அப்பால் இருக்கிறது. வெறுமையாயிருந்தால் வீட்டுக்கும் அதற்கும் நடுவே இருக்கிறது. செப்டிக் டேங்க் நிரம்பினாலும் வீட்டின் எல்லா வடிகால்களும் மந்தமாகும்.

மழை பெய்யும்போது மாத்திரம் நீர் திரும்பி வருமானால், குற்றம் உங்கள் குழாயில் இல்லாதிருக்கலாம். கொச்சி தாழ்வான நகரம். கால்வாய்கள் தூர்ந்து, கடலின் ஏற்றமும் சேர்ந்தால் மழைநீர் போக வழியில்லை. 2019 அக்டோபர் 21 அன்று பெய்த பெருமழையில் கலூர் மின் துணைநிலையத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அதன் பின்பே கால்வாய்களைச் சீர்செய்ய ‘ஆபரேஷன் பிரேக்த்ரூ’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. வெளியே வடிகால் நிறைந்திருக்கையில் உள்ளே எவ்வளவு குத்தினாலும் பிரயோஜனமில்லை. மழை ஓய்ந்த பின் சோதியுங்கள். அப்போதும் நீர் நின்றால் வீட்டுக்காரரிடமோ மாநகராட்சியிடமோ தெரிவியுங்கள்.

நீக்குவது எப்படி?

குளியலறைத் துவாரத்தின் சல்லடையைக் கழற்றி, முடியையும் சோப்புக் கசடையும் வளைந்த கம்பியால் வெளியே இழுத்தெடுங்கள், உள்ளே தள்ளாதிருங்கள். சமையலறைத் தொட்டியின் கீழே ஒரு வாளியை வைத்து, வளைகுழாயைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவுங்கள். அந்த வளைவில் நிற்கும் நீரே துர்நாற்றத்தைத் தடுக்கிறது. ஆகையால் அதை மீண்டும் பொருத்த மறவாதீர்கள். அதிலும் தடை இல்லையெனில் ரப்பர் பம்பை நீரில் அமிழ்த்தி, பக்கத்துத் துவாரத்தை ஈரத்துணியால் அடைத்து, 15 அல்லது 20 முறை அழுத்தி இழுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவைச் சோடாவும் வெந்நீரும் நல்லது. ஆனால் கொதிக்கும் நீர் பி.வி.சி. குழாயை இளக்கிவிடும்.

வடித்த கஞ்சி, தேங்காய்த் துருவல், மீன் செதில், வாணலி எண்ணெய் ஆகியவற்றைத் தொட்டியில் கொட்டாதிருந்தாலே அநேக அடைப்புகள் வராமற்போகும்.

உயிருக்கு ஜாக்கிரதை

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். அவை கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழும்பும். முன்பே மருந்து ஊற்றிய குழாயில் பம்பை அழுத்தினால் அது கண்ணில் தெறிக்கும்.

செப்டிக் டேங்குக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் யாரும் இறங்கலாகாது. அங்கே தங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல் நாறும்; அளவு மிகும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவன் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்கப்போகிறவனும் விழுகிறான். 2015 நவம்பர் 26 அன்று கோழிக்கோட்டில் சாக்கடைக் குழியில் சிக்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவரைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத், அவ்விருவரோடும் மாண்டார். அவர்களும் நம்மைப்போலப் பிழைக்க வந்தவர்களே.

தகுந்த பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை இவற்றுக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு யாரையாவது இறங்கச் சொல்லும் எண்ணம் வந்தால், அவருக்காக ஊரில் காத்திருக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சும் இயந்திரம் பொருத்திய வண்டியை வரவழையுங்கள். வாடகைக்கு இருப்போர் அந்தச் செலவை வீட்டுக்காரரோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். போன உயிரை எவராலும் ஈடுசெய்ய இயலாது.